2013 மார்ச் 20 அன்று அந்தக் கொட்டகையில் என்ன கட்டியிருந்தார்கள்?

இங்கிலாந்தில், நார்விச் நகரத்திலிருந்து அரை மணி நேரம் காரில் போனால் வரும் ஒரு கிராமத்தில், 2021 அக்டோபரில், ஒரு மாட்டுக் கொட்டகையை 95,000 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தேன். வீடாக மாற்றிக் குடியேறலாம் என்று. குடியேற நான்கு ஆண்டுகள் ஆயின. அதில் முதல் ஒன்றரை ஆண்டு கவுன்சில், அதாவது உள்ளூர் நிர்வாகத்தின், சம்மதத்துக்காகவே போனது, அந்தக் காலத்தில் வீணாகிப் போன பணம் மட்டும் பதினோராயிரம் பவுண்டுக்குப் பக்கம். ஏலத்துக்கு முந்தைய வாரம் யாராவது ஒருவர் என்னை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசியிருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். இங்கே தமிழர்களிடம் வீடு வாங்குவது பற்றி, மார்ட்கேஜ் பற்றிக் கேட்டால் ஆளுக்கு ஒரு மணி நேரம் சொல்வார்கள், ஆனால் கொட்டகை வாங்கிய ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

நான் மன்னார்குடிப் பக்கம். இங்கே நர்சாக வேலை. பார்ன் என்று இவர்கள் சொல்வதைப் பார்க்காதவர்கள், நம்மூர் மாட்டுத் தொழுவம், வைக்கோல் போர், நெல் குதிர், டிராக்டர் ஷெட் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நார்விச் இருக்கும் நார்ஃபோக் மாவட்டத்தில் பழைய பார்ன்கள் செங்கல்லும் சக்கிமுக்கிக் கல்லுமாக, சிவப்பு ஓட்டுக் கூரையோடு அவ்வளவு அழகாக இருக்கும், விலை நமக்கு எட்டாது. என்னுடையது 1970களில் போட்ட இரும்புச் சட்டக் கொட்டகை. 12க்கு 15 மீட்டர், அதாவது சுமார் 1,940 சதுர அடி. மூன்று பக்கம் மார்பளவுக்குக் கான்கிரீட் பிளாக் சுவர், அதற்கு மேலும் கூரையிலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், தெற்குப் பக்கம் முழுக்கத் திறப்பு. சுற்றி ஐம்பது சென்ட் நிலம். அந்தத் திறந்த பக்கத்தில் நின்று வயலைப் பார்த்தபோது, அப்பா களத்தில் நெல் தூற்றும்போது நான் நிற்கும் இடம் ஞாபகம் வந்துவிட்டது. அதுதான் என் கையைத் தூக்க வைத்தது. கணவருக்கு இதில் விருப்பமே இல்லை, "கையெழுத்துப் போடணும்னா சொல்லு, மத்தது நீயே பாத்துக்கோ" என்று ஒதுங்கிக்கொண்டார். அம்மா போனில், "கொட்டகையில குடியிருக்கவா சீமைக்குப் போனே?" என்று கேட்டு அழுதுவிட்டார். அந்தக் கேள்வி அடுத்த நான்கு ஆண்டும் காதில் இருந்தது.

ஏலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் சாதாரணமாக வீடு வாங்கும்போது ஒப்பந்தம் மாற்றிக்கொள்ளும் நாள்வரை பின்வாங்கலாம். ஏலத்தில் சுத்தியல் விழுந்த நொடியே ஒப்பந்தம் ஆகிவிட்டது. அன்றைக்கே பத்து சதவீதம் கட்டினேன், மீதிக்கு 28 நாள். அனுமதி இல்லாத கொட்டகைக்கு எந்த வங்கியும் எனக்கு மார்ட்கேஜ் தரவில்லை. கையில் இருந்த 35,000 போக 60,000 பவுண்டுக்குப் பிரிட்ஜிங் லோன் என்ற குறுகிய காலக் கடன் எடுத்தேன், மாதம் 0.85 சதவீதம் வட்டி, அதாவது மாதம் 510 பவுண்ட். எடுக்கும்போது 1,200, அடைக்கும்போது 600 தனியாக. ஐந்து மாதத்தில் அனுமதி வந்துவிடும், வங்கிக் கடனுக்கு மாறிவிடலாம் என்பது என் கணக்கு. பதினான்கு மாதம் கட்டினேன், கடைசியில் நார்விச் வீட்டை மறுபடி அடமானம் வைத்துத்தான் அதை அடைக்க முடிந்தது. ஏல அறிவிப்பில் இரண்டு விஷயம் எழுதியிருந்தார்கள். ஒன்று, "அனுமதிக்கு உட்பட்டு வீடாக மாற்ற வாய்ப்புள்ளது." இரண்டாவது, போகிற போக்கில் ஒரு வரி, "முன்பு குதிரை லாயம்." முதல் வரியைப் பத்து முறை படித்தேன். இரண்டாவதை ஒருமுறை படித்துவிட்டுக் கடந்துவிட்டேன். எனக்கு வினையாக வந்தது அந்த இரண்டாவது வரிதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாக. கிராமப்புறத்தில் தனியாக நிற்கும் புது வீட்டுக்கு இங்கே லேசில் அனுமதி கிடைக்காது. ஆனால் விவசாயக் கட்டடத்தை வீடாக மாற்ற 2014 முதல் ஒரு தனி வழி இருக்கிறது, கிளாஸ் க்யூ என்பார்கள். இது இங்கிலாந்துக்கு மட்டும், வேல்ஸுக்கோ ஸ்காட்லாந்துக்கோ பொருந்தாது. தேசியப் பூங்கா, பாதுகாக்கப்பட்ட இயற்கை அழகுப் பகுதி, பாரம்பரியக் கட்டடப் பட்டியல் இவற்றில் உள்ள கொட்டகைகளுக்கும் கிடையாது. இந்த வழியில் முழு பிளானிங் அனுமதி தேவையில்லை, பாராளுமன்றமே பொதுவாக அனுமதித்துவிட்டது, கவுன்சிலிடம் "முன் ஒப்புதல்" மட்டும் வாங்கினால் போதும், 56 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லாவிட்டால் நீங்கள் வேலையைத் தொடங்கலாம். இதைத்தான் எல்லோரும் எனக்குச் சொன்னார்கள், இதில் எதுவும் பொய் இல்லை. யாரும் சொல்லாத பாதி என்னவென்றால், உங்கள் கட்டடம் அந்தச் சட்டத்துக்குள் வருகிற கட்டடம்தானா என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அந்த வாசலைத் தாண்டிய பிறகுதான் போக்குவரத்து, சத்தம், மண் மாசு, வெள்ளம், இடம் பொருத்தமா, வெளித்தோற்றம், அறைகளுக்குப் போதிய வெளிச்சம் என்று மற்றவற்றைப் பார்ப்பார்கள். நான் கட்டப்போகும் வீடு எவ்வளவு நன்றாக இருக்கும் என்று காட்டத் துடித்தேன். அவர்கள் கேட்டது அந்தக் கொட்டகையைப் பற்றி. அது அன்றைக்கு என்னவாக இருந்தது, இன்றைக்கு அதன் எலும்பில் எவ்வளவு பலம் மிச்சம்.

இணையத்தில் பார்த்த ஒரு வரைபட நிறுவனத்துக்கு 1,800 பவுண்ட் கொடுத்தேன். அழகான படம் போட்டுத் தந்தார்கள். திறந்த தெற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, பிளாக் சுவரை இடித்துவிட்டு இரட்டைச் சுவர், மாடிக்குப் புதுத் தூண்கள். கவுன்சில் கட்டணம் அப்போது 206 பவுண்ட். 2022 ஜனவரியில் போட்டோம். என்ஜினியர் அறிக்கை வேண்டாமா என்று கேட்டேன், "கேட்டால் கொடுக்கலாம்" என்றார்கள். கவுன்சில் ஆபீசர் ஒருநாள் வந்து பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். உள்ளே தடுப்புப் பலகைகள் வரிசையாக இருந்தன, அவற்றைத்தான் அதிகம் படம் எடுத்தார். ஏன் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஐம்பதாவது நாள் ஒரு மின்னஞ்சல், இன்னும் இரண்டு வாரம் அவகாசம் தர முடியுமா என்று. ஒத்துழைப்பது நல்லதுதானே என்று உடனே சரி சொல்லிவிட்டேன். இப்படி எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால் 56 நாள் என்பது அந்தப் புது தேதிக்கு நகர்ந்துவிடும் என்பது தெரியாமல் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தாலும் 55ஆம் நாள் மறுத்திருப்பார்கள், அது வேறு விஷயம். ஆனால் அந்த மின்னஞ்சல் வந்தால் பதில் போடுவதற்கு முன் போனில் கூப்பிட்டு, எதில் சந்தேகம், எந்த ஆவணம் வந்தால் தீரும் என்று கேளுங்கள். இரண்டு வார அவகாசத்தை அவர்களுக்கு மட்டும் கொடுக்காமல் நீங்களும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

மார்ச்சில் மறுப்புக் கடிதம் வந்தது. இரவுப் பணி முடிந்து கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து போனில் படித்தேன். இரண்டே காரணம். இந்தக் கட்டடம் 2013 மார்ச் 20 அன்று விவசாயத்துக்கு மட்டுமே பயன்பட்டது என்று காட்டப்படவில்லை. அடுத்து, செய்யப்போகும் வேலை மாற்றம் அல்ல, மறுகட்டுமானம். கடைசியில் ஒரு வரி, ஏல அறிவிப்பில் இது குதிரை லாயம் என்று குறிக்கப்பட்டிருக்கிறது, உள்ளே உள்ள தடுப்புகளும் அதைக் காட்டுகின்றன என்று. வண்டியை எடுக்க அரை மணி நேரம் ஆனது. வீட்டில் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது, அந்த மாத 510 பவுண்டை நினைத்து.

அந்தத் தேதியை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இதில் விழுபவர்கள் அதிகம். இந்தச் சலுகை வரப்போகிறது என்று தெரிந்து, யாரோ அவசரமாகக் கொட்டகை போட்டு, நாலு மாட்டைக் கட்டி, மறுமாதம் வீடு கேட்கக் கூடாது என்பதற்காக 2013 மார்ச் 20 என்று ஒரு கோடு போட்டார்கள். அன்று அந்தக் கட்டடம் ஒரு நடைமுறையில் உள்ள பண்ணையின் பகுதியாக, விவசாயத்துக்கு மட்டும், இருந்திருக்க வேண்டும். அன்று காலியாக இருந்தால் அதற்குமுன் கடைசியாக அப்படி இருந்திருக்க வேண்டும். "மட்டும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். சவாரிக் குதிரை வளர்ப்பது இந்தச் சட்டத்தில் விவசாயம் ஆகாது. ஒரு மூலையில் யாரோ கேரவன் நிறுத்தியிருந்தாலும், வீட்டுச் சாமான் போட்டுவைத்திருந்தாலும் கேள்வி வரும். மாடு, ஆடு, தானியம், வைக்கோல், டிராக்டர் இருந்திருந்தால் பிழைத்தோம்.

இரண்டாவது காரணத்துக்குப் பின்னால் 2016ஆம் ஆண்டின் ஹிபிட் வழக்கு இருக்கிறது. நாட்டிங்காம்ஷயரில் ரஷ்கிளிஃப் பகுதியில், மூன்று பக்கம் திறந்த இரும்புச் சட்டக் கொட்டகை ஒன்றை வீடாக்கக் கேட்டார்கள். உயர் நீதிமன்றம், மாற்றுவது வேறு, புதிதாகக் கட்டுவது வேறு, சட்டத்தில் அனுமதித்திருப்பது முதலாவதை என்று சொல்லிவிட்டது. ஜன்னல், கதவு, கூரை, வெளிச்சுவர் இவற்றைப் பொருத்தலாம், மாற்றலாம். ஆனால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எலும்புக்கூட்டை மட்டும் வைத்து வீடு கட்டினால் அது மாற்றமா? எந்த இடத்தில் மாற்றம் முடிந்து புதுக் கட்டடம் தொடங்குகிறது என்பதை முடிவெடுப்பவரின் மதிப்பீட்டுக்கு விட்டுவிட்டார்கள். ஆபீசர் மேல் அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இன்று அந்த முதல் வரைபடத்தை எடுத்துப் பார்க்கிறேன். பிளாக் சுவரை இடிக்கிறோம், புதுத் தூண் போடுகிறோம், ஷீட் எல்லாம் போகிறது. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் மறுத்திருப்பேன்.

இது போதாதென்று அதே மார்ச் 16ஆம் தேதி நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் கடிதம் நார்ஃபோக் கவுன்சில்களுக்கு வந்தது. வென்சம் ஆறும் பிராட்ஸ் நீர்நிலைகளும் பாஸ்பேட், நைட்ரேட்டால் கெட்டுக்கொண்டிருக்கின்றன, அவற்றின் வடிநிலத்தில் புது வீடு வந்தால் அதன் கழிவுநீரால் கூடுதல் பாதிப்பு இல்லை என்று உறுதிசெய்யாமல் விடாதீர்கள் என்று. என் கொட்டகை வென்சம் வடிநிலத்தில். கிளாஸ் க்யூவில் முன் ஒப்புதல் கிடைத்தாலும், ஆற்றுக்குப் பாதிப்பில்லை என்று தனியாக ஒரு ஒப்புதல் வாங்காமல் வேலையைத் தொடங்க முடியாது. வென்சம் சுண்ணப்பாறை நீரூற்றில் பிறந்த ஆறு, கண்ணாடி மாதிரித் தண்ணீர். காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவள், வாய்க்கால்கள் என்னவாயின என்று பார்த்தவள், இந்த விதியை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் வாங்கும் முன் ஒருவர் செய்யவேண்டியது, அந்த நிலம் எந்த ஆற்றின் வடிநிலம், அங்கே இப்படி ஒரு விதி இருக்கிறதா என்று கவுன்சில் வரைபடத்தில் பார்ப்பது. ஐந்து நிமிட வேலை.

ஏப்ரல் முதல் ஜூலை வரை நான் ஒன்றும் செய்யவில்லை. மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் கிடையாது, ஆறு மாதம் அவகாசம் உண்டு. ஆனால் ஆதாரமே இல்லாமல் போட்ட விண்ணப்பத்தை மேல்முறையீட்டில் என்னவென்று வாதாடுவது? ஆகஸ்டில்தான் ஒரு பிளானிங் ஆலோசகரைப் பார்த்தேன், அந்த அம்மா இருபது ஆண்டு ஒரு கவுன்சிலில் வேலை பார்த்தவர். மறுப்புக் கடிதத்தை ஒரு தடவை படித்துவிட்டு, "2013இல் அங்கே என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. பக்கத்து வயல்காரருக்குத் தெரியும், ஆனால் அவரிடம் போக எனக்கு மனமில்லை, ஏனென்றால் முதல் விண்ணப்பத்தில் எங்களை எதிர்த்து எழுதியவரே அவர்தான்.

வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் பெரியவர். வெளியூர்க்காரி, வெள்ளைக்காரியும் இல்லை, அதனால்தான் எதிர்த்தார் என்று மனதுக்குள் ஒரு முடிவோடுதான் போனேன். உட்காரவைத்து டீ கொடுத்தார். அவருடைய கவலையைச் சொன்னார். அவருடைய தானிய உலர்த்தி என் கொட்டகையிலிருந்து நூறு மீட்டர்கூட இல்லை. ஆகஸ்டில் கோதுமை ஈரமாக வந்தால் இரவு முழுக்க மின்விசிறி ஓடும். நகரத்திலிருந்து வந்து குடியேறுபவர்கள் ஒரே வருடத்தில் சத்தம் என்று புகார் கொடுப்பார்கள், அவர் மூன்று தலைமுறையாகச் செய்த தொழிலுக்குத் தடை வரும், வேறு கிராமத்தில் நண்பருக்கு நடந்திருக்கிறது. நான் சொன்னேன், எங்கள் ஊரில் அறுவடை நேரத்தில் இரவெல்லாம் மெஷின் ஓடும், அந்தச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள் நான் என்று. படுக்கையறைகளை மறுபக்கம் மாற்றுகிறேன், சத்தத்தை அளந்து அறிக்கையும் வைக்கிறேன் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து, "அது குதிரை லாயமே இல்லை, என் கன்றுக்குட்டிகள் இருந்த இடம்" என்றார்.

பழைய உரிமையாளரிடமிருந்து 2017 வரை அந்தக் கொட்டகையை வாடகைக்கு எடுத்துக் கன்றுகளைக் கட்டியவர் அவரேதான். அந்தத் தடுப்புகள் கன்றுகளைப் பிரித்து வைக்கப் போட்டவை. ஏல அறிவிப்பை எழுதியவர் தடுப்பைப் பார்த்துக் குதிரை என்று நினைத்து எழுதிவிட்டார், அவ்வளவுதான். 2013 மார்ச் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. 1962க்குப் பிறகு அவ்வளவு குளிரான மார்ச் இங்கே வந்ததில்லை, மாதக் கடைசிவரை பனி, மாட்டை வெளியே விடவே முடியாமல் உள்ளேயே வைத்துத் தீனி போட்டிருக்கிறார். மாட்டுப் பதிவேட்டைப் பத்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம், நான் போனது ஒன்பதாவது ஆண்டு. பதிவேட்டில் பண்ணை எண்தான் இருக்கும், எந்தக் கொட்டகை என்று இருக்காது. அதனால் வாடகை ரசீதுகளைத் தேடி எடுத்தார். அவர் மனைவி ஒரு படத்தைக் கொண்டுவந்தார், பேரன் பாட்டிலில் கன்றுக்குப் பால் கொடுக்கிறான், பின்னால் அதே தடுப்பு, மூலையில் தேதி. 2013 பிப்ரவரி. அதைப் பார்த்து நான் அழுததை அவர்கள் இரண்டு பேரும் தர்மசங்கடத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவற்றையெல்லாம் வைத்து அவர் ஒரு சத்தியப் பிரமாணம் எழுதினார், 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வழக்கறிஞர் முன்னால் கையெழுத்துப் போட்டு. அதற்குக் கட்டணம் ஐந்து பவுண்ட், இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பவுண்ட். நான் செலவழித்த எல்லாவற்றிலும் மலிவானது அதுதான், அதிகம் வேலை செய்ததும் அதுதான். கூடவே கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் வான்படங்களை எடுத்து, முற்றத்தில் மாடும் வைக்கோல் உருளையும் தெரிவதை வட்டமிட்டு வைத்தோம். இதை நீங்கள் ஏலத்துக்கு முன்னாலேயே உங்கள் வீட்டுக் கணினியில் செய்யலாம். பக்கத்து வயல்காரர் வீட்டுக் கதவையும் விண்ணப்பத்துக்கு முன்னால் தட்டுங்கள். உங்கள் இடத்தின் வரலாறு அவரிடம் இருக்கிறது, அவருடைய பயத்துக்கு நீங்கள் செய்யக்கூடியது ஏதாவது இருக்கும்.

ஸ்ட்ரக்சுரல் என்ஜினியருக்கு 950, அஸ்திவாரத்தைப் பார்க்க மூன்று இடத்தில் குழி தோண்டியதற்கு 300. அவர் கேட்ட கேள்வி எளிமையானது, இந்த இரும்புச் சட்டம் இப்போது தாங்கும் எடையைவிடப் புதுக் கூரையும் சுவரும் கூடுதலா குறைவா? கணக்குப் போட்டுக் காட்டினார், இலேசான பேனல் போட்டால் தூண் எதையும் மாற்ற வேண்டாம், புது அஸ்திவாரம் வேண்டாம். பிளாக் சுவரை இடிக்காமல் உள்பக்கம் தனியாக ஒரு சுவர். மாடியை விட்டுவிட்டோம். திறந்த பக்கத்தை மூடும்போது கண்ணாடியைக் குறைத்து மற்றப் பக்கங்கள் மாதிரியே ஷீட்டும் பலகையும். ஒவ்வொரு சுவருக்கும் கூரைக்கும் எது இருக்கிறது, எது மாறுகிறது, எது புதிது என்று வண்ணம் பிரித்து ஒரு படம். முதல் வரைபடம் அளவுக்கு அழகில்லை, ஆனால் அதில் கொட்டகை கொட்டகையாகவே இருந்தது. மண் மாசு அறிக்கைக்கு 650, சத்தம் அளக்க 900, சந்து வழியே வரும் வண்டிகளின் வேகம் அளக்க 380, அந்தச் சந்தில் வேக வரம்பு 60 மைல் என்றாலும் யாரும் முப்பதைத் தாண்டவில்லை என்று காட்ட அது தேவைப்பட்டது. ஆலோசகருக்கு 3,200.

வனவிலங்கு ஆய்வாளருக்கு 480. வௌவால் இருக்குமோ என்றுதான் பயந்தேன், இங்கே எல்லா வகை வௌவாலுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் மே முதல் கோடைவரை காத்திருந்து மாலை ஆய்வு செய்ய வேண்டும், ஒரு சீசனே போய்விடும். வௌவால் இல்லை. உத்தரத்துக்குக் கீழே எலி எலும்பும் மயிருமாக உருண்டைகள் கிடந்தன. கூகை. ஊரில் நாம் சாக்குருவி என்று கல்லெடுத்து விரட்டுவோமே, அதே பறவை. இங்கே அது கூட்டில் இருக்கும்போது தொந்தரவு செய்வதே குற்றம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கூரையில் கை வைக்கக் கூடாது, அதற்குமுன் அருகில் அதற்கு வேறு இடம் செய்துதர வேண்டும். நவம்பரில் பெரியவர் வரப்பில் இருந்த மரத்தில் பெட்டி கட்ட அவரே ஏணி பிடித்தார். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

2023 பிப்ரவரியில் இரண்டாவது விண்ணப்பம், மறுபடி 206 பவுண்ட். கிராம கவுன்சில் இந்த முறையும் போக்குவரத்து என்று எதிர்த்தது, பெரியவர் ஆட்சேபம் இல்லை என்று எழுதினார். பேருந்து இல்லாத இடம், கடை தூரம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கிளாஸ் க்யூவில் அது பொதுவாக நிற்காது, கொட்டகை இருக்கிற இடத்தில்தானே இருக்கும். மலை உச்சியில் சாலையே இல்லை, பக்கத்தில் பெரிய கோழிப்பண்ணை, இப்படி ஏதாவது இருந்தால்தான் இடம் ஒரு காரணமாகும். 54ஆம் நாள் ஒப்புதல் வந்தது. அதே ஆபீசர்தான் எழுதியிருந்தார். விவசாயப் பயன்பாடு பற்றி இரண்டு பத்தி, பிரமாணத்தை மேற்கோள் காட்டி, இதற்கு மாறான ஆதாரம் கவுன்சிலிடம் இல்லை என்று.

அதற்குப் பிறகும் இரண்டு இடத்தில் சறுக்கினேன். ஒன்று, ஒப்புதல் தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வேலையை முடிக்க வேண்டும். தொடங்கினால் போதும் என்று நினைத்திருந்தேன், சாதாரண பிளானிங் அனுமதி அப்படித்தான். ஆற்றுக்கான ஒப்புதலுக்கு, என் வீட்டுக் கழிவுநீரின் பாதிப்பை வேறிடத்தில் ஈடுசெய்வதாகக் காட்டும் இழப்பீட்டுப் புள்ளிகளை விலைக்கு வாங்கவேண்டியிருந்தது, அது என் கைக்கு வர 2024 பிப்ரவரி. கூகைக்காக ஆகஸ்ட் முடியக் காத்திருந்து செப்டம்பரில் ஆஸ்பெஸ்டாஸை இறக்கினோம். மூன்று ஆண்டில் பதினேழு மாதம் செங்கல் வைக்காமலே போய்விட்டது. இரண்டாவது, தோட்டம். ஐம்பது சென்ட் இருக்கிறதே என்று கத்தரி, வெந்தயக்கீரை, பசங்களுக்கு ஊஞ்சல் என்று கனவு. வீட்டோடு சேரும் இடம் கொட்டகையின் தரைப்பரப்பைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. எனக்கு நாலரை சென்ட்கூட இல்லை, அதில்தான் காரும் நிற்க வேண்டும். மீதி விவசாய நிலமாகவே இருக்கும். காய்கறி போட்டுக்கொள்ளலாம், ஊஞ்சல் கட்ட முடியாது.

இப்போது போடுபவர்களுக்கு ஒன்று, 2024 மே 21 முதல் அளவுகள் மாறிவிட்டன. பத்து வீடு வரை, மொத்தம் 1,000 சதுர மீட்டர், ஒரு வீடு 150 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது, சாலைக்கு ஏற்கெனவே வழி இருக்க வேண்டும். என் 180 சதுர மீட்டரை இன்று ஒரே வீடாகக் கேட்க முடியாது. அந்த 2013 மார்ச் 20 இப்போது 2023 ஜூலை 24 ஆகிவிட்டது. ஆதாரம் தேடுவது எளிது, ஆனால் தேடத்தான் வேண்டும். சில கவுன்சில்களில் உள்கட்டமைப்பு வரி என்று ஒன்று உண்டு, சொந்தமாகக் குடியிருக்கக் கட்டுபவருக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் முதல் மண்வெட்டி விழும் முன் படிவம் போயிருக்க வேண்டும்.

கட்டும் கதை தனிக் கதை. வாட் வரியை மட்டும் சொல்கிறேன். குடியிருப்பாக இல்லாத கட்டடத்தை வீடாக மாற்றும் வேலைக்கு ஒப்பந்தக்காரர் ஐந்து சதவீதம்தான் போட வேண்டும். என் முதல் மதிப்பீடு இருபது சதவீதத்தோடு வந்தது, 40,000 பவுண்ட் வேலையில் 6,000 வித்தியாசம். ஒப்புதல் கடிதத்தைக் காட்டித் திருத்தச் சொன்னேன், திருத்தினார். நாமே கடையில் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வாட்டை வேலை முடிந்து ஆறு மாதத்துக்குள் திரும்பக் கேட்கலாம், ஒரே ஒரு முறை, எல்லா பில்லும் ஒன்றாக. 2025 அக்டோபரில் முடிவுச் சான்றிதழ் வந்தது, அந்த வாரமே குடிவந்துவிட்டோம். பால் காய்ச்சினோம், பெரியவரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அம்மா வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார், எந்த மூலையில் கன்று கட்டினார்கள் என்று கேட்டார், காட்டினேன். பில்கள் இப்போது ஒரு பிஸ்கட் டப்பாவில் தேதி வாரியாக 214 இருக்கின்றன, மூன்று இன்னும் கிடைக்கவில்லை, இந்த வாரம் கடைக்குப் போய் நகல் கேட்க வேண்டும்.